நிறம் தேடியவர்கள் கண்ட மருந்து

வடநாட்டில் இரயிற்பயணம் செய்யும் நம்மவர்க்குப் பாதையோரச் சுவர்களில் காணும் வைத்திய விளம்பரங்கள் புதியன அல்ல. இழந்த இளமையை மீட்டுத் தருவதாக அவை கூறும். இன்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுவர்களுக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்! வேட்கைக் குறைவைப் பற்றி வாய்திறக்க நாணுவோர் பலர். அந்த நாணமே இவ்வைத்தியர்க்கு முதல். முறையாக ஆராயப்பட்ட மருந்தொன்றின் வரலாற்றை அறிந்துகொள்வது ஆகவே நன்றென்று கருதுகிறோம்.

விலங்குகளின் பிட்யூட்டரி சுரப்பியில் தோலைக் கருமையாக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. அது 13 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. இத்தகைய சங்கிலியைப் பெப்டைடு என்பர். 1980களில் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மாக் ஹாட்லி, விக்டர் ஹ்ரூபி முதலியோர் இதைப்போன்ற பொருள்களைச் செயற்கையாக ஆக்கினர். வெயிலில் காயாமலே வெள்ளைத் தோலைக் கருக்கச் செய்தால் தோற்புற்று குறையும் என்பது அவர்கள் எண்ணம். கருமையைப் போக்கப் பசை பூசும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். 'மெலனோட்டன் 2' என்னும் பொருளை ஆய்வாளர் ஒருவர் தம் உடலிலேயே ஏற்றிப் பார்த்தபோது, எதிர்பாராத ஆண்குறி விறைப்பு மணிக்கணக்கில் நீடித்தது. ஆராய்ச்சி திசை மாறியது.

அதன்வழிப் பிறந்ததே பிரெமெலனோடைடு. முதலில் மூக்கில் தெளிக்கும் மருந்தாக ஆக்கினர். இரத்த அழுத்தம் உயர்ந்தமையால் அவ்வடிவம் கைவிடப்பட்டது. பின்னர்த் தோலுக்கடியில் போடும் ஊசியாக, 2019ஆம் ஆண்டு ஜூன் 21இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இசைவளித்தது. அந்த இசைவும் ஆண்களுக்கன்று. மாதவிடாய் நிற்காத பெண்களுள், முன்பிருந்த வேட்கை குன்றி, அதனால் மனம் வருந்துவோர்க்கே இம்மருந்து. நோயோ, வேறு மருந்தோ, கணவன் மனைவியரிடைப் பிணக்கோ காரணமாயின் இது பொருந்தாது. கூடலுக்கு 45 நிமிடமேனும் முன்னர் 1.75 மில்லிகிராம் போடவேண்டும். திங்களுக்கு எட்டு ஊசிக்கு மேல் கூடாது.

பயன் எத்துணை? ஆய்வில் இம்மருந்து பெற்ற நூற்றுவருள் ஏறத்தாழ 25 பேர்க்கு வேட்கை குறிப்பிடத்தக்கவாறு கூடிற்று; போலி ஊசி பெற்றோரிலும் 17 பேர்க்குக் கூடிற்று! மனநிறைவான கூடல்களின் எண்ணிக்கை உயரவில்லை. நூற்றுக்கு நாற்பதின்மர்க்குக் குமட்டல் வந்தது. கட்டுக்கடங்கா இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்க்கு இது விலக்கு. நாள்தோறும் போட்டுப் பார்த்த சிலர்க்கு முகத்திலும் ஈறுகளிலும் கருமை படர்ந்தது. அரிசோனாவில் முதலில் தேடியது அதைத்தான்.