பனங்களியும் யாழ்ப்பாணத்து உணவு வரலாறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்தோர் நெல்லுக்கும் புகையிலைக்கும் உரிய இடத்தை அளித்துள்ளனர். பனையையும் அவர்கள் மறந்தாரல்லர். ஆயின் அவர்தம் எழுத்துக்களிற் பனை பெரும்பாலும் மரமாகவும் ஓலையாகவும் கள்ளாகவுமே காட்சியளிக்கின்றது. ஆவணி மாதத்து விடியற்காலையில், விழுந்த பழத்தைப் பொறுக்கக் கடகத்துடன் வடலிகளினூடே சென்ற ஏழைப் பெண்களும் சிறுவர்களும் அவ்வரலாற்றில் இடம்பெற்றிலர். பனம்பழம் உண்டோரின் உடலுக்கு அளித்தது யாது? அந்நன்மையைப் பெற்ற சமூகமே அப்பழத்தை இழிவாகக் கருத நேர்ந்தது ஏன்? இவ்விரு வினாக்களையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பருவத்தைக் கவனிப்போம். குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. அதன் நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பியது. அறுவடை தை, மாசி மாதங்களில் நிகழும். பனம்பழமோ ஆவணி, புரட்டாதியில் மிகுதியாக விழும். சென்ற அறுவடையின் நெல் ஏழைக் குடும்பங்களில் தீர்ந்துபோய், அடுத்த அறுவடைக்குப் பல மாதங்கள் எஞ்சியிருக்கும் வேளையிலேயே இப்பழம் கிடைத்தது. சுட்டும் அவித்தும் அன்றாடம் உண்டது போக, மிகுந்த பழத்தின் களியைப் பிசைந்தெடுத்துப் பந்தலின்மேல் விரித்த பாயில் ஊற்றி, ஒரு படை காய்ந்தபின் மறுபடை ஊற்றி வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கினர். பனாட்டைப் பாணியில் இட்டுப் பாணிப்பனாட்டாகவும் நெடுநாள் பேணினர். களி நீங்கிய விதைகளைப் பாத்தியிட, மழைக்காலத்தில் அவை முளைத்துக் கிழங்காயின. கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். இவ்வாறு ஒரு பழம் மூன்று பருவங்களுக்கு உணவாயிற்று. இஃது உழைக்கும் மக்கள் தம் அனுபவத்தினாற் கண்ட உணவுத் திட்டமாகும்.

இனி, அவ்வுணவின் தன்மையை ஆராய்வோம். பனங்களியின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள கரோற்றீன் வகைப் பொருள்களாகும். இவற்றுட் சில உடலினுள் விற்றமின் ஏ ஆக மாறுவன. இவ்விற்றமின் குறையும் பிள்ளைகள் மாலைக்கண் நோய்க்கு ஆளாவதும், தொற்றுநோய்களை எதிர்க்கும் வலுவை இழப்பதும் மருத்துவம் ஐயமின்றி நிறுவிய உண்மைகள். மீன், முட்டை, பால் ஆகியன அரிதாகவே கிடைத்த வீடுகளில், கீரைகளும் பனம்பழமும் போன்ற உணவுகளே இக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்திருத்தல் வேண்டும். களி நார்ப்பொருளும் இனிப்பும் கொண்டது, பசியை ஆற்றவல்லது. கொழுப்புடன் உண்ணும்போதே கரோற்றீன் நன்கு உறிஞ்சப்படும். ஆகவே எண்ணெயிற் பொரித்த பனங்காய்ப் பணியாரம் நாவிற்கு மட்டுமன்றி உடலுக்கும் பொருத்தமான ஆக்கமே எனலாம். மறுபுறம், வெயிலும் காற்றும் கரோற்றீனைச் சிதைப்பன. எனவே பனாட்டில் இப்பயன் புதிய களியினும் குறைவாகவே இருக்கும். பழமையான உணவு என்பதற்காக அதன் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

பனங்களியிற் காறலும் உண்டு. மரத்துக்கு மரம் அது வேறுபடும் என்பதையும், சுட்டாற் குறையும் என்பதையும் ஊரார் அறிவர். இக்கசப்புக்குக் காரணமான பொருள் சபோனின் வகையைச் சார்ந்தது. பனையின் தாவரவியற் பெயரை ஒட்டி அதற்குப் பிளபெலிபெரின் என்று பெயரிடப்பட்டது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஈ. ஆர். ஜான்ஸ் அவர்களும் அவர்தம் சகாக்களும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். களியிலுள்ள இப்பொருள் எலிகளின் குடலிற் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதாக அவ்வாய்வுகள் காட்டின. இதைக்கொண்டு பனம்பழத்தை நீரிழிவுக்கு மருந்து எனப் பறைசாற்றுவது பிழை. எலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆனால் மற்றோர் உண்மையை இவ்வேதியியல் நமக்கு விளக்குகின்றது. சவர்க்காரம் வாங்க வசதியற்றோர் பனங்களியிட்டு உடுப்புத் தோய்த்தனர். சபோனின் நீரில் நுரைக்கும் இயல்பினது. எனவே அவ்வழக்கம் அறியாமையன்று, தக்க அனுபவ அறிவே என்பது தெளிவு.

இத்தகைய பழம் ஆட்சியாளரின் கணக்கில் ஏன் இடம்பெறவில்லை? 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் பனையைக் கட்டடத்துக்கான ஏற்றுமதி மரமாகக் கண்டனர். பிரித்தானியர் காலத்தில் மர வாணிபத்துடன் கள் மீதான குத்தகை வருமானமும் முதன்மை பெற்றது. இரண்டும் பழத்துக்குப் பகையானவை. தறித்த மரம் காய்ப்பதில்லை. பனையோ காய்க்கப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பெண்பனையின் பாளையைச் சீவினால் அப்பாளையிற் காய் தோன்றாது. 1850இற் கொழும்பில் வெளியான வில்லியம் பேர்கசனின் நூல் பனையின் பயன்கள் அனைத்தையும் தொகுத்துரைத்தது. 1859இல் வெளியான தம் நூலில் எமர்சன் ரெனன்ற்றும் பனையைப் பற்றி எழுதினார். பழத்தின் பயன் அறியப்படாமல் இருக்கவில்லை. அது சந்தைக்கு வராமல் ஏழையின் அடுப்பிலேயே முடிந்தமையால், வரியிறுப்போர் கணக்கில் அதற்கு மதிப்பில்லாது போயிற்று.

உள்ளூர்ச் சமூக அமைப்பும் இதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும். நெற்சோறு உயர்வின் அடையாளமாயிற்று. ஒடியற் கூழும் பனங்களியும் வறுமையின் அடையாளமாயின. பனையேறி உழைத்த மக்கள் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்மீது சுமத்தப்பட்ட இழிவு அவர்தம் உணவின்மீதும் படிந்தது. இறக்குமதி அரிசியும் பின்னர்க் கோதுமை மாவும் எளிதிற் கிடைத்தபோது, சற்று வசதி பெற்ற குடும்பங்கள் முதலிற் கைவிட்டவற்றுட் பனாட்டும் ஒன்று.

எனினும் நெருக்கடி வந்தபோதெல்லாம் சமூகம் பனையிடமே திரும்பியது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி வரவு தடைப்பட்டுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது; உள்ளூர் உணவுகள் மீண்டும் மதிப்புப் பெற்றன. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் போதும் இந்நிலை தோன்றியது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1990 முதல் நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்திற் சவர்க்காரமும் எரிபொருளும் அரிதாக, பனங்களி உண்கலத்துக்கும் உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்கும் ஒருசேரத் திரும்பியது. அதே போரிற் காவலரண்களுக்கும் பதுங்கு குழிகளுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. பசித்தோர்க்கு மரம் வேண்டியிருந்த காலமும் மரம் அழிந்த காலமும் ஒன்றாயிருந்தமை நம் அண்மைக்கால வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்றாகும்.

நெருக்கடி நீங்கியதும் பனம்பழத்தை மறப்பது நம் சமூகத்தின் வழக்கமாகிவிட்டது. இன்றும் ஆவணியிற் பழங்கள் விழுந்த இடத்திலேயே அழுகுவதைக் காண்கிறோம். பனையைப் புகழ்ந்து பாடுவதால் இந்நிலை மாறாது. காறல் குறைந்த மரங்களை இனங்கண்டு அவற்றின் விதையைப் பரப்புதல், களியைச் சிதைவின்றிப் பேணும் முறைகளைக் கூட்டுறவு அடிப்படையில் ஊர்களுக்குக் கொண்டுசெல்லுதல், பொறுக்கிப் பிசைந்து உலர்த்தும் பெண்களின் உழைப்புக்குத் தக்க கூலி உறுதிசெய்தல் ஆகியன வேண்டும். நட்டவன் பயன் காணான் என்று பனையைப்பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்று நாம் பொறுக்கும் பழம் முன்னோர் விட்டுச்சென்ற மரத்தினது. போர் அழித்த வெளிகளில் இன்று இடும் விதையே நாளைய பிள்ளைகளின் உணவாகும்.