மின்னஞ்சலைத் திருடுபவர் எந்த வழியாக நுழைகிறார்?

2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக் கொண்டிருந்த சாரா பாலினின் யாஹூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் கைப்பற்றினார். பாஸ்வேர்டை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்று யாஹூ கேட்டது. பிரபலமானவர் என்பதால் எல்லாவற்றுக்கும் விடை இணையத்திலேயே கிடைத்தது. அந்த மாணவர் பின்னர் சிறை சென்றார் என்பது வேறு விஷயம்.

நாம் பாஸ்வேர்டை மட்டுமே காவல் காக்கிறோம். கணக்கை மீட்பதற்கென்று வைத்திருக்கும் பின்வாசலை மறந்துவிடுகிறோம். முகநூல், விமான டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று எதன் பாஸ்வேர்டு மறந்தாலும் அதை மாற்றும் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே மின்னஞ்சல் ஒன்று போனால் மற்றவையும் அதன் பின்னால் போகும்.

இந்தப் பின்வாசல் நம் குடும்பங்களில் இரண்டு விதங்களில் திறந்து கிடக்கிறது. முதலாவது, வெளிநாட்டு எண். அத்தா பத்து வருடம் வளைகுடாவில் இருந்தபோது ஜிமெயில் தொடங்கியிருப்பார். மீட்பு எண்ணாக அங்குள்ள கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார். ஊர் திரும்பியதும் அந்த சிம் காலாவதியாகிவிடும். காலாவதியான எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதன்பின் உங்கள் கணக்குக்கான ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கையில் போய் விழும். நாமே கணக்கைத் திறக்க வேண்டி வந்தாலும் வழி இருக்காது.

இரண்டாவது, பிரவுசிங் சென்டர். உதவித்தொகைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கப் போகிறோம். மின்னஞ்சல் இல்லை என்றதும் அங்குள்ள தம்பி இரண்டு நிமிடத்தில் ஒன்று தொடங்கித் தருகிறார். மீட்பு எண் அவருடையது. பாஸ்வேர்டு, பெயரோடு 123. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் தினமும் எத்தனை பேர் உட்காருகிறார்கள்! இன்றைக்கே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். அங்கேயே இரண்டு கட்ட சரிபார்ப்பையும் இயக்குங்கள். அப்போது கிடைக்கும் பத்து காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கைபேசி தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

பாஸ்வேர்டைப் பற்றி ஒன்றே ஒன்று. மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறெங்கும் வைக்காதீர்கள். 2013-ல் யாஹூவில் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று அந்நிறுவனமே 2017-ல் ஒப்புக்கொண்டது. ஓரிடத்தில் கசிந்த பாஸ்வேர்டைத் திருடர்கள் மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

"உங்கள் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று வரும் மடலில்தான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள். 2016-ல் ஹிலாரி கிளிண்டனின் பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவே கூகுளின் பெயரில் வந்த இப்படியொரு போலி மடலில்தான் ஏமாந்தார். படித்தவர் சிக்க மாட்டார் என்பதெல்லாம் வீண் பேச்சு. மடலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். ஓடிபியை யார் கேட்டாலும், கூகுளிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், கொடுக்க வேண்டாம்.

கணக்கு பறிபோய்விட்டால், வழக்கமாகப் பயன்படுத்தும் கைபேசி அல்லது கணினியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்தே மீட்க முயலுங்கள். திருடர் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப கூகுள் வாய்ப்பளிப்பதுண்டு. தாமதிக்காதீர்கள்.

மீட்டபின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். அது போதாது. உங்களுக்கு வரும் மடல்களெல்லாம் தன் முகவரிக்கும் போகும்படி திருடர் ஃபார்வர்டிங் வைத்திருக்கலாம். வங்கி மடல்கள் உங்கள் கண்ணில் படாமல் மறைய ஃபில்டர் போட்டிருக்கலாம். செட்டிங்ஸில் இரண்டையும் பார்த்து நீக்குங்கள். தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று உங்கள் பெயரில் மடல் வந்தால் நம்ப வேண்டாம் என உறவினர்களுக்குப் போனிலேயே சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.