இருவகைச் சட்டங்கள்

பழைய ஓலைச்சுவடி ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு முதலில் தட்டுப்படுவது எழுத்தன்று. மேலும் கீழும் வைத்துக் கட்டியிருக்கும் இரண்டு மரத்துண்டுகளே. அவற்றிற்குச் சட்டம் என்று பெயர். இரண்டு விரற்கடை அகலத்தில் வார்ந்த ஏடுகளை அவ்விரண்டு சட்டங்களுக்கும் இடையே அடுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, மிச்சக் கயிற்றை வரிந்து சுற்றி முடிந்து வைத்திருப்பார்கள். முடிச்சை அவிழ்த்துப் புரட்டினால், மையிடாத ஏடாயின் எழுத்தாணியின் கீறல்கள் கண்ணுக்குப் பிடி கொடாமல் நழுவும். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத்தான் படிக்கவேண்டும். விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்து தடவிய ஏடாயின் வரிகள் கருத்துத் தெளிந்து நிற்கும். நாட்டை ஆளும் சட்டத்திற்கும் இந்த மரத்துண்டிற்கும் ஒரே பெயர் அமைந்ததைச் சிலேடைப் பிரியர்கள் எப்படியும் பயன்படுத்திக்கொள்ளட்டும். எனக்குத் தோன்றுவது இதுதான்: நூல்கள் ஓலையில் இருந்த காலம் முழுவதும் அவற்றைக் கட்டிவைக்க மரச்சட்டமே போதுமாயிருந்தது. அச்சு வந்த பிறகே மற்றைச் சட்டம் தேவைப்பட்டது.

ஓலைக் காலத்தில் நூல்கள் கட்டுப்பாடின்றி உலவின என்று இதற்குப் பொருளன்று. ஒரு பெருங்காப்பியத்தைப் பிரதி செய்ய, தேர்ந்த கைக்கும் மாதக்கணக்கு ஆகும். ஆதலின் ஒரு நூலைத் தடை செய்வதற்கு உத்தரவு எதுவும் வேண்டியதில்லை, இரவல் கொடாமல் இருந்தாலே போதும். தேவாரம் கிடைத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் சொல்லும் முறையில் இந்தச் செய்தி பொதிந்து கிடக்கிறது. தில்லையில் ஏடுகள் இருந்த அறை, அவற்றைப் பாடிய மூவர் கையடையாளம் இட்டுப் பூட்டப்பட்டிருந்ததாம். அம்மூவரும் வந்தாலன்றித் திறக்கலாகாது என்று தில்லைவாழ் அந்தணர் மறுக்க, அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச்செய்து அறையைத் திறப்பித்தானாம். உள்ளே கறையான் அரித்தது போக எஞ்சியதே நமக்குக் கிடைத்த தேவாரமாம். இது சரித்திரமா, ஐதிகமா என்ற வாதம் இங்கே வேண்டாம். பேரரசனும் ஒரு நூலைப் படிக்க வேண்டுமாயின் அதை வைத்திருப்பவரின் சம்மதத்திற்குக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கதை சொன்னவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காவலர் செய்ததைக்காட்டிலும் கறையான் செய்த தடை கொடியது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

ஓலையானது எழுத்தின் வடிவத்தையும் தன் வசத்திற்கு வளைத்தது. மெய்யெழுத்திற்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. எகர ஒகரக் குறில்களுக்கும் அப்படியே. ஆயினும் கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு பொத்துப்போகும் என்ற அச்சத்தாலோ, வேகத்தாலோ, ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். குறிலும் நெடிலும் ஒரே கொம்பைத் தரித்து நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. பொருளை முன்னமே அறிந்தவனுக்கு மட்டுமே அந்த எழுத்து வாய் திறக்கும். ஆகவே சுவடி இருந்தாலும் ஆசிரியர் இன்றி முடியாது. ஆசிரியர் வாய்மொழியே நூலின் உண்மையான சாவி. வைத்தியம், சோதிடம், கணக்கு, இலக்கணம் எல்லாம் பாட்டாகவே இயற்றப்பட்டதன் காரணத்தை நம் முன்னோரின் கவிதைப் பித்தில் மட்டும் தேடக்கூடாது. ஓலை அரிது, மனம் ஒன்றே அழியாத பேழை, எதுகையும் மோனையும் அந்தப் பேழையின் பூட்டும் திறவுகோலும்.

அச்சு இந்த நாட்டிற்குள் கடல்வழியே வந்தது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில், அண்டிறீக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துகேசியப் பாதிரியார் பதினாறு பக்கத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அதன் முதற்பேறு. அந்த முயற்சி வேரூன்றவில்லை. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1706இல், தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குதான் அதை நிலைநாட்டினார். சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்ற இந்த ஜெர்மானியர், இரண்டாண்டிற்குள் தாம் சேகரித்த ஓலைச்சுவடிகளுக்கு ஓர் அட்டவணையே எழுதிவிட்டார். 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சு யந்திரம் வந்தது. மறு ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பருமனாயிருந்தமையால் காகிதத்தை விழுங்கின. கடல் கடந்து வரும் காகிதமோ பொன் விலை. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். எழுத்து சிறுத்ததும் புத்தகம் சிறுத்தது. புத்தகம் சிறுத்ததும் விலை குறைந்தது.

இவ்வளவு செய்த சீகன்பால்கிற்கு நேர்ந்த ஒன்றைச் சற்று நின்று சொல்லவேண்டும். தென்னாட்டு மக்கள் வழிபடும் தெய்வங்களைப் பற்றி, அவர்களிடமே கேட்டும் அவர்கள் சுவடிகளைப் படித்தும், அவர் ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய நூலை 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த அவருடைய மேலாளராகிய பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதையே ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. கையெழுத்துப் பிரதி பெட்டியில் உறங்கியது. எழுதியவர் 1719இல் இறந்தார். நூல் அச்சேறியதோ 1867இல், சென்னையில். தமிழ்நாட்டின் முதற்பெரும் அச்சுக்கூடத்திற்குச் சொந்தக்காரர் போல இருந்தவர், தாம் மிக உழைத்து எழுதிய நூலை அச்சில் காணாமலே போனார்! தில்லைக் கதவின் கையடையாளம் ஹாலேயிலும் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

சீகன்பால்கு காலத்தை ஒட்டி, ஏலாக்குறிச்சியிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரோடு சமயவாதம் தொடுத்தார். அவர்கள் கையில் ஈய எழுத்து. இவர் கையில் எழுத்தாணி. அவர்கள் துண்டுப் பிரசுரம் நூற்றுக்கணக்கில் பரவ, இவர் மறுப்புக்கள் சீடர்கள் பிரதி செய்த வேகத்தில்தான் நடந்தன. ஆயினும் அச்சின் வெற்றியில் இவருக்கும் பங்குண்டு. எகர ஒகரங்களின் குறில் நெடில் மயக்கத்தைத் தீர்க்க இவர் வகுத்த வடிவங்களையே பின்னர் அச்சு எழுத்து வார்த்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு திருத்தத்தை ஓலையில் நாட்டவேண்டுமாயின் எழுதுவோர் ஒவ்வொருவரும் இணங்கவேண்டும்; ஈயத்தில் நாட்ட ஒரு கருமான் இணங்கினால் போதும். ஏட்டில் குத்த அஞ்சிய புள்ளியும் அச்சிலேதான் திரும்பிவந்து தன் இடத்தில் அமர்ந்தது.

அச்சு யந்திரத்தின் மதிப்பைப் படைத்தலைவர்களும் சீக்கிரத்தில் உணர்ந்தார்கள். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது, கொள்ளைப் பொருள்களோடு பிரெஞ்சுக்காரரின் அச்சு யந்திரமும் சென்னைக்கு வந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் எவரும் அதிகாரிகளிடையே இல்லை போலும். வேப்பேரியிலிருந்த பப்ரிஷியஸ் பாதிரியாரிடம், சர்க்கார் வேலையை முதலில் முடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்படைத்தார்கள். அவருடைய தமிழ் அகராதி 1779இல் வெளிவந்ததற்கு ஒரு யுத்தமும் காரணம் என்று சொல்லலாம்.

இவ்வாறு இருநூற்றைம்பது ஆண்டுகள் தமிழ் அச்சு பெரும்பாலும் பாதிரிமார் கையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியார் கையிலுமே சுழன்றது. 1812இல் திருக்குறளும் நாலடியாரும் சென்னையில் அச்சேறின என்பது உண்மையே. ஆனால் அது விதிவிலக்கு. சுதேசிகள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க வழி திறந்தது 1835இல், தற்காலிகக் கவர்னர்-ஜெனரலாக இருந்த மெட்காப் பிறப்பித்த சட்டத்தினால். அச்சிடுபவர் இன்னார், இடம் இன்னது என்று பிரகடனம் செய்தால் போதும் என்றது அச்சட்டம். லண்டனிலிருந்த டைரக்டர்கள் இதை ரசிக்கவில்லை; மெட்காபின் பதவி நிரந்தரமாகவில்லை.

கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் வித்துவான்கள். சரவணப்பெருமாளையரும் விசாகப்பெருமாளையரும் சென்னையில் கல்வி விளக்க அச்சுக்கூடம் கண்டார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் 1849இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து யந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். பைபிளைத் தமிழாக்கப் பெர்சிவல் பாதிரியாரோடு உழைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. பாதிரிமாரிடம் கற்ற வித்தையை அவர்களுக்கே எதிராகப் பிரயோகித்தார். அவருடைய தமிழ் வசனம் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பெற்று நடந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: பாதிரிமாரை மறுக்கப் பிடித்த அதே ஆயுதம், 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சில் வந்தபோது அதன்மீதும் திரும்பியது. கண்டனத்திற்குக் கண்டனம் பறந்து, விவகாரம் மஞ்சக்குப்பம் நியாயஸ்தலம் வரையில் சென்றது. ஓலையில் இருந்திருந்தால் அந்தப் பாடல்கள் அடியார் குழாத்தோடு நின்றிருக்கும். இத்தனை பகையும் வந்திராது, இத்தனை புகழும் வந்திராது.

புலமையின் இயல்பும் மாறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதுவார்கள். நூல் முற்றுப்பெற்றால் அந்தந்த ஊர்ச் சபையில் அரங்கேற்றம் நடக்கும். புலவர்கள் தலையசைத்தால் அது நூல். அவர் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். அந்த நண்பரோ மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று வசனத்தில் ஒரு நெடுங்கதையை அச்சிட்டு, எந்தச் சபையின் தலையசைப்பையும் வேண்டாமல் நேரே வாசகர் வீட்டிற்கு அனுப்பிவிட்டார். ஒரே திண்ணையில் பேசிக்கொண்டிருக்கக்கூடிய இரு நண்பர்களுக்கு இடையே இரண்டு யுகங்கள்!

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய சாமிநாதையர் இரண்டு யுகத்திலும் கால் வைத்தவர். 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட பிறகே, தாம் கற்ற கல்விக்கு அப்பால் ஒரு பெரிய இலக்கியம் கிடக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். ஏழு ஆண்டு சுவடி தேடி, ஒத்துப்பார்த்து, கையொப்பக்காரர்களிடம் முன்பணம் சேர்த்து, கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சுத்தாள் திருத்தி, 1887இல் வெளியிட்டார். அவர் தேடிய சுவடிகளிற் சில ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிருந்தன; ஒரு கோயிலிலோ, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகம விதிப்படி ஹோமம் செய்துவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார்களாம். ஏட்டிற்கு மரியாதை செய்யத் தெரிந்தவர்கள்தாம் அவர்கள். அதற்குள் ஒரு நூல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர் பதிப்பு ஒவ்வொன்றும் வர வர, தமிழர் தம் பழமையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமே உருமாறியது.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கவேண்டியிருந்தது. பிரதிகள் அரசாங்கத்திற்குச் சேரவேண்டியிருந்தது. ஓலையில் எழுதியவன் கையெழுத்தை வைத்து அவனைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஈயமோ தன் சொந்தக்காரனைத் தானே காட்டிக்கொடுக்கும்படி ஆயிற்று. 1908இல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் தண்டிக்கப்பட்டார். உண்மையில் எழுதிவந்த பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும், அதன் அச்சு யந்திரமும் பின்தொடர்ந்தன. நூற்று நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கொள்ளைப் பொருளாக ஒரு யந்திரம் வந்த பாதையில், இப்போது சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு அகதியாக ஒரு யந்திரம் போயிற்று. பிரெஞ்சு எல்லைக்குள் அதன்மேல் ஆங்கிலேயர் கை வைக்க முடியவில்லை. வைக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு ஏற்படவில்லை. யந்திரத்தை ஓடவிட்டு, தபாலில் வந்த பிரதிகளைத் தடுத்தார்கள். 1910 பிப்ரவரியில், புதிய அச்சுக்கூடம் வைப்போர் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் கட்டவேண்டும் என்று வேறொரு சட்டம் வந்தது. மார்ச் மாதத்தோடு 'இந்தியா' நின்றது. எழுத்துக்கள் பெட்டியில் இருந்தன, மையும் காகிதமும் இருந்தன, எழுதுகிறவரும் அந்த ஊரிலேயே இருந்தார்.