இரண்டு நிமிட மௌனம் பிறந்த கதை

எழவு வீடு என்றால் தென்காசிப் பக்கம் சத்தம்தான். ஒப்பாரி, கொட்டு, சங்கு, வேட்டு. துட்டிக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது நம் மண்ணில் முளைத்த வழக்கம் இல்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பன்மார் தொடங்கிவைத்து, கடல் தாண்டி வந்தது.

1918, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். முதல் உலகப்போர் இன்னும் ஓயவில்லை. நகர மேயர் ஹாரி ஹேண்ட்ஸின் மகன் அந்த ஏப்ரலில்தான் போரில் இறந்திருந்தார். சிக்னல் ஹில் குன்றில் தினமும் நண்பகலுக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். மே 14 அன்று அது வெடித்ததும் ஊர் மொத்தமும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று மேயர் கேட்டுக்கொண்டார். டிராம்கள் தண்டவாளத்திலேயே நின்றன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு மாடி முகப்பிலிருந்து இறுதி மரியாதைக்கான கொம்பிசை கேட்டது. முதலில் மூன்று நிமிடம் நின்றார்கள். அது நீளமாகப் பட்டதால் இரண்டாகக் குறைத்தார்கள். ஒரு நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்கு, ஒரு நிமிடம் திரும்பாதவர்களுக்கு. ஒரு நாளோடு விடவில்லை, தினமும் நின்றார்கள்.

அந்த ஊரில் இதைக் கண்ட எழுத்தாளர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக்கும் மூத்த மகனை 1917-ல் பிரான்ஸ் போர்முனையில் இழந்தவர். இந்த யோசனையை அவர் லண்டனுக்கு எழுதி அனுப்பினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவிப்பு வெளியிட, 1919 நவம்பர் 11 காலை 11 மணிக்கு பிரிட்டிஷ் பேரரசே நின்றது.

சுதந்திர இந்தியா இந்த வழக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டது காந்தியின் நினைவு நாளுக்காக. அவர் சுடப்பட்டது 1948 ஜனவரி 30 மாலை. மௌனம் மட்டும் ஆண்டுதோறும் அதே நாள் காலை 11 மணிக்கு. 10.59-லிருந்து 11 வரை சங்கு ஒலிக்கும், 11.02-க்கு மறுபடி ஒலிக்கும். இடைப்பட்ட நேரத்தில் வேலையும் நடமாட்டமும் நிற்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. ஆபீஸில் நிற்கிறார்கள், பள்ளியில் நிற்கிறார்கள். வெளியே செங்கோட்டை பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கேப் டவுன் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நின்ற டிராம்தான். யாரோ ஒரு வீட்டின் சாவு, சம்பந்தமே இல்லாதவனின் பயணத்தையும் நிறுத்தியது. மேயர் வீட்டுக்குள் தனியாக அழுதிருக்க முடியும். அது போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு ஜனவரி 30 இன்னும் நெருக்கமானது. 1934-ல் ஹரிஜன யாத்திரையில் காந்தி இங்கே வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அனுமதி இல்லாத அருவியில் தானும் குளிக்க மாட்டேன் என்று திரும்பிவிட்டார் என்பதை இந்த வட்டாரம் இன்றும் சொல்கிறது. மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்து நிற்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஜனவரி 30 அன்று அருவிக்கரையில் யாராவது அதைச் சொன்னால், மௌனம் யாருக்கானது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

மௌனத்தில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அதில் பெயர் இல்லை. நடுகல் நட்ட நம் முன்னோர் விழுந்தவனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் வெட்டி, ஊர் பார்க்க நிறுத்தினார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துச் சவலாப்பேரிக்காரர். இன்னொருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். நாட்டில் பல இடங்களில் அப்போது மௌனம் காத்தார்கள். இன்று அந்த நாற்பதில் நாலு பெயரைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் திணறுவோம்.

பிப்ரவரி 14 அன்று தென்காசி பஸ் ஸ்டாண்ட் மைக்கில் அந்த நாற்பது பெயரையும் ஊரோடு சேர்த்து வாசிக்கட்டும். நாலைந்து நிமிடம்தான் ஆகும். அதுவரை செங்கோட்டை பஸ் நிற்கட்டும்.