அன்னாபிஷேகம்

ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவலிங்கத்தைச் சோற்றால் மூடி வழிபடும் சடங்கு. தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் பரவலாக நடைபெறுகிறது.

பச்சரிசியை வடித்து ஆறவைத்த சாதத்தை அர்ச்சகர்கள் கைகளால் லிங்கத்தின்மேல் அப்புவார்கள். காய்கறி, பழங்களால் அலங்காரமும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் லிங்கம் சுமார் 13 அடி உயரம் என்பதால் அங்கே அரிசி மூட்டை மூட்டையாக வேகும்.

நவக்கிரகங்களில் சந்திரனுக்குரிய தானியம் நெல். தட்சனின் சாபத்தால் தேய்ந்த சந்திரனைச் சிவன் தலையில் சூடிக் காத்தார் என்ற புராணக் கதையே இந்தப் பௌர்ணமித் தேர்வுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தத்துவ அடிப்படை இன்னும் பழையது: தைத்திரீய உபநிடதத்தில் பிருகு முனிவர் முதலில் பிரம்மம் என்று கண்டறிவது அன்னத்தைத்தான். அவரது தேடல் அதோடு நிற்பதில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பூசை முடிந்தபின் சோற்றைப் பிரிக்கும் முறைதான் கவனிக்கத்தக்கது. லிங்கத்தின் மேற்பகுதியான பாணத்தின் மீதிருந்த சாதம் மனிதர் உண்ண இயலாத அளவு ஆற்றல் ஏறியதாகக் கருதப்படுவதால், அதைக் குளத்திலோ ஆற்றிலோ மீன்களுக்கு விடுவார்கள். பாணத்தைத் தாங்கும் ஆவுடையாரிலும் பீடத்திலும் இருந்ததைத் தயிர் கலந்து பிரசாதமாகத் தருவார்கள். ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்ற பழமொழி இச்சடங்கிலிருந்தே வந்ததாகச் சொல்வது பிற்கால விளக்கமாகவே தோன்றுகிறது. பசித்தவனுக்கு அதைச் சொல்லக் கோயில் தேவையில்லை.