மூவணு ஹைட்ரஜன் அயனியின் பிறப்பாண்டு: தாம்ஸன் கருத்துக்கு ஒரு மறுப்பு

மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் ஒரு நேர் மின்னூட்டமும் கொண்ட அயனியை 1911இல் ஜே.ஜே. தாம்ஸன் கண்டுபிடித்தார் என்பது பொதுவழக்கு. அவர் கண்டது யாது, கண்டதாகக் கருதியது யாது என்று பிரித்துப் பார்த்தாலன்றி இவ்வயனியின் வரலாறு தெளிவுபடாது என்பது என் துணிபு.

கேம்பிரிட்ஜில் நேர்மின் கதிர்களைக் காந்தப்புலத்தாலும் மின்புலத்தாலும் வளைத்துப் புகைப்படத் தகட்டில் வீழ்த்திய தாம்ஸன், நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் 3 ஆகிய ஒரு பரவளைவைக் கண்டு, எக்ஸ்-3 எனப் பெயரிட்டார். நான்கு மின்னூட்டம் ஏறிய கார்பன் அணுவும் அதே இடத்தில் விழக்கூடும். அந்தச் சந்தேகத்தை விலக்கி, மூவணு ஹைட்ரஜனே அது என்று 1913இல் முடிவுகட்டினார். இதுவரை அவரோடு வழக்கில்லை. ஆனால் மேலும் ஓரடி சென்று, எக்ஸ்-3 என்பது சேமித்துவைத்தாலும் நிலைத்திருக்கும் ஒரு வாயு என்று அவர் கொண்டதை என்னால் ஏற்க இயலவில்லை. மின்னேற்றமற்ற மூவணு ஹைட்ரஜன் தன் தாழ்நிலையில் நிலைத்து நிற்பதே இல்லை; 1979இல் ஹெர்ஸ்பெர்க் ஆட்டவாவில் கண்ட அதன் நிறமாலையும் கிளர்ந்த நிலைகளுக்கே உரியது. அவ்வாறாயின், சேமித்த வாயுவிலிருந்து மீண்டும் மீண்டும் தோன்றிய தடம் எங்கிருந்து வந்தது? 1925இல் ஹாக்னஸும் லன்னும் விளக்கியபடி, மின்னேறிய ஹைட்ரஜன் மூலக்கூறு மற்றொரு மூலக்கூறோடு மோதும்போதே இவ்வயனி பிறக்கிறது. ஆகவே வாயுவில் சாதாரண ஹைட்ரஜன் கலந்திருந்தாலே போதும், மின்னிறக்கம் நிகழுந்தோறும் அயனி புதிதாகவே உண்டாகியிருக்கும். போதாததற்கு, 1931இல் யூரி கண்டறிந்த கன ஹைட்ரஜன் இயல்பான ஹைட்ரஜனில் ஏறத்தாழ 6,400 அணுக்களுக்கு ஒன்றாக உறைவதால், அது சேர்ந்த மூலக்கூறின் அயனியும் 3 என்ற அதே இடத்தையே பற்றும். தாம்ஸனின் தகட்டில் அதன் பங்கு எவ்வளவு என்பதற்கு நேரான ஆதாரம் கிடையாது. ஆயினும் நிறை ஒன்றே சாட்சியாக நின்றவரை, உருவத்தைப் பற்றிய தீர்ப்புக்கு இடமே இருந்ததில்லை என்பதை வலியுறுத்திச் சொல்வேன்.

சமபக்க முக்கோணமே மூவணு அயனியின் உருவம் என்று 1935இல் கூல்ஸன் கணித்தார். அந்தச் சமச்சீர்மையின் காரணமாகவே அதற்கு நிலையான இருமுனைத் திருப்புதிறன் இல்லை. வழக்கமான நுண்ணலை நிறமாலைக்கு வழியில்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அதற்கென ஒரு நிறமாலை அன்று அறியப்பட்டிருக்கவில்லை. எஞ்சியது அகச்சிவப்பு ஒன்றே. 1980இல் தகேஷி ஓகா, இரு லேசர்களின் அதிர்வெண் வேறுபாட்டால் பெற்ற அகச்சிவப்பு ஒளியை, திரவ நைட்ரஜனால் குளிர்வித்த மின்னிறக்கக் குழாயினூடே செலுத்தி, 15 கோடுகளைப் பதிந்தார். கார்பன் மோனாக்ஸைடின் கோடுகள் திருப்பூர்ப் பின்னலாடையின் வரிசைகளைப் போல ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்கும். இங்கோ ஒழுங்கு என்பதே புலப்படவில்லை. அவற்றை வாட்ஸன் ஒவ்வொன்றாக இனங்காட்டியபோதுதான் முக்கோணம் ஐயமற நிலைபெற்றது.

அக்கோடுகளில் நான் நெடிது நோக்கியது ஓர் இரட்டையை. ஒரு சென்டிமீட்டருக்கு 2725.90 அலைகள், 2726.22 அலைகள் என்று மூன்றில் ஒரு பங்களவே விலகி நிற்கும் அவ்விரண்டில், ஒன்று, அணுக்கருக்களின் தற்சுழற்சியால் பிரியும் இரு வகைகளுள், ஆர்த்தோ வகைக்கும் மற்றது பாரா வகைக்கும் உரியது. சுழற்சியே அற்ற நிலை பௌலி விதியால் விலக்கப்பட்டிருப்பதால், கடுங்குளிரில் அயனிகள் ஒதுங்குவதற்கு எஞ்சியவை இவ்விரு கோடுகளும் புறப்படும் நிலைகளே.

இடையே ஒன்று சொல்லவேண்டும். கொடைக்கானல் ஆய்வகம் 1901 முதல் நோக்கிவரும் சூரியனிலும் ஒரு ஹைட்ரஜன் அயனி ஆட்சி செய்கிறது. எதிர்மின் கொண்ட ஹைட்ரஜன் அணுவே சூரிய ஒளியை மறிப்பது என்று 1939இல் வில்ட் உரைக்க, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1940களில் அதன் உட்கவர்வை அகச்சிவப்பு வரை கணித்தார். அது கோடுகளின்றித் தொடர்ச்சியாகவே ஒளியை விழுங்குவது, முறை வேறு. ஆயினும் சந்திரசேகர் பணியாற்றிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு 1981இல் ஓகா வந்து சேர்ந்தார்.

வியாழனின் துருவ ஒளியில் 1989இல் அறிவிக்கப்பட்ட மூவணு ஹைட்ரஜன் அயனியை, விண்மீன்களிடை மேகங்களில் கெபாலேயும் ஓகாவும் 1996இல் கண்டது அந்த இரட்டைக் கோட்டைக் கொண்டேதான். ஏப்ரலில் பதிந்த கோடுகள், பூமியின் ஓட்டத்துக்கு ஏற்ப ஜூலையில் இடம்பெயர்ந்திருந்தன. இரண்டின் இடைவெளியோ மாறவில்லை.