கரியும் கேணியும்

அல்லி மலர்ந்த கேணியே ஊருக்குப் பெயராய் அமைந்த திருவல்லிக்கேணியில் வாழ்பவன் நான். இவ்வூரார்க்கு நீரைப் பற்றிய பேச்சு என்றும் சலிப்பதில்லை.

1772இல் கேப்டன் பேக்கர் ஏழு கிணற்று நீரைக் கோட்டைக்குக் கொண்டு சென்றார்; 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்குள் வந்தது; 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. மணல் கலங்கலைத் தடுக்கும். அதன்மேல் படியும் உயிர்ப்படலம் கிருமிகளையும் பெரிதும் குறைக்கும். ஆயினும், நீரில் கரைந்த நாற்றத்தையும் நிறத்தையும் பிடிக்க வல்லது கரியே.

1985ஆம் ஆண்டளவில், வகுப்பில் மூன்று பானை வடிகட்டியை விளக்கிக்கொண்டிருந்தேன். நீர்த்த மை கரித்தூளின் வழியே நிறமற்று இறங்கிற்று. "கரி உப்பையும் எடுக்குமா, சார்?" என்று ஒரு மாணவன் வினவினான். "எல்லாவற்றையும் எடுக்கும்" என்று சற்றும் எண்ணாது சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் தன் வீட்டுக் கிணற்று நீரைக் கரியில் வடித்துக் குவளையில் கொணர்ந்தான். "கரி போட்டும் கரிக்கிறதே, சார்!" என்றான். நானும் பருகினேன், கரித்தது. வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அன்று மாலையே இக்கரியின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

1785இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்னும் வேதியியலார், புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் கரைசலைக் கரித்தூள் தெளிவாக்கக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்ட்ரெய்கோ என்பார், கரியை நீராவி போன்றவற்றால் மிகுந்த வெப்பத்தில் பதப்படுத்தி அதன் ஆற்றலைப் பெருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்குக் கொட்டாங்கச்சிக் கரி பயன்பட்டது. 1930ஐ ஒட்டி அமெரிக்க, ஜெர்மானிய நகரங்களின் குடிநீர் நிலையங்களிலும் அது புகுந்தது. இன்று நம் காங்கேயம் வட்டாரத்திலும் இக்கரி ஆக்கப்படுகிறது.

இவ்வாறு கிளர்வூட்டிய கரியில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். நம் வழக்கில், நாலரை கிரவுண்டு மனை! பூச்சிக்கொல்லி, சாயம் முதலியன அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதனையே பரப்புக் கவர்ச்சி என்கிறோம். உப்போ நீரோடு பிரியாது கலந்து நிற்பது. கரியின் பிடிக்குள் அது அகப்படுவதில்லை. மேலும், துளைகள் நிரம்பிய பின் கரி ஓய்ந்துபோகும். அதனை மாற்றாவிடில் கிருமிகளுக்கே அது குடியிருப்பாகும்.

எங்கள் கடலோரக் கிணறுகளின் உப்பைத் தணிக்க வல்லது மழையே. 2003இல் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றிலும் சில மழைக்காலங்களுக்குப் பின் கரிப்புக் குறைந்தது.

நாற்றத்திற்குக் கரி, கலங்கலுக்கு மணல், கிருமிக்குக் கொதி, உப்புக்கு மழை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பணி உண்டு. ஒரு குவளை நீரால் இதனை எனக்குக் கற்பித்த அம்மாணவன் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவனுக்கு என் நன்றி உரியதாகுக.